ஈடு இல்லாதவருக்கு யார் கடன் தருவார்கள்? சமூக மேம்பாட்டுக் கடன் பற்றி எளிய விளக்கம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் கூடத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். மற்ற நாட்களில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. அதனால் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடியதும், பெரியவர்கள் யாராவது பணச் சந்தேகத்தோடு வந்து உட்காருவார்கள். அப்படித்தான் ஒருநாள் சமோசாவும் முறுக்கும் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் ஓர் அக்கா வந்தார். "தம்பி, கையில ஒண்ணும் இல்லாதவங்களுக்குன்னே கடன் குடுக்கிற ஆபீஸ் இருக்காமே, அது நல்லதா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அங்கே இருந்தவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். "அது அரசாங்கப் பணம், திருப்பிக் கட்டாவிட்டாலும் ஒன்றும் ஆகாது" என்றார் ஒருவர். "எல்லாம் மஷோனிசாதான், போர்டு மட்டும் வேற" என்றார் இன்னொருவர் (மஷோனிசா என்றால் பதிவு இல்லாமல் தெருவில் வட்டிக்குக் கொடுப்பவர்). "தர்ம காரியம், நன்கொடைப் பணம்" என்றார் ஒரு தாத்தா. மூன்றும் சரியில்லை. முதல் பதிலை நம்பிக் கடன் வாங்கினால் பெயர் கெடும். இரண்டாவதை நம்பினால் பயன்படக்கூடிய ஒன்றை விட்டுவிட்டு உண்மையான மஷோனிசாவிடமே போய் நிற்க நேரும். மூன்றாவதை நம்பினால், வட்டி எழுதிய தாளைப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். அதனால்தான் இதைக் கொஞ்சம் பொறுமையாக எழுதுகிறேன்.

தெருமுனைக் கடையின் நோட்டு

நம் தெருமுனைக் கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் ஓர் ஆயா வந்து அரிசியும் எண்ணெயும் கேட்கிறார், கையில் காசு இல்லை. கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்துவிடுகிறார். வீட்டுப் பத்திரம் கேட்பதில்லை. ஆயாவின் ஓய்வூதியம் எந்தத் தேதியில் வரும், போன வருடம் எத்தனை முறை தாமதித்தார், மகன் வேலையில் இருக்கிறானா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அதே ஆயா வங்கிக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்பார்கள், ஈடு கேட்பார்கள். ஈடு என்றால் கடன் திரும்பாவிட்டால் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளக்கூடிய பொருள்: வீடு, நிலம், கார், நகை. வங்கி ஆயாவை அவமதிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. ஆயாவைப் பற்றி வங்கிக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆள் அனுப்பினால் அதற்கு ஆகும் செலவு கடன் தொகைக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே தெரிந்துகொள்ளும் வேலைக்குப் பதிலாகப் பொருளைக் கேட்கிறது.

சமூக மேம்பாட்டுக் கடன் நிறுவனம் இந்த இருவருக்கும் நடுவில் நிற்கிறது. கடைக்காரரைப் போல ஆளைத் தெரிந்துகொண்டு கடன் தருகிறது. வங்கியைப் போல கணக்கு, பத்திரம், வட்டி, தவணை எல்லாம் வைத்துக்கொள்கிறது. லாபம் பார்ப்பது அதன் முதல் நோக்கம் இல்லை. வங்கி ஒதுக்கிவிட்ட ஆளுக்கும் பகுதிக்கும் பணம் போய்ச் சேர வேண்டும், அந்தப் பணம் திரும்பி வந்து அடுத்தவருக்கும் போக வேண்டும் என்பதே நோக்கம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: இது கடன், தானம் இல்லை. ஈடு இருக்க வேண்டிய இடத்தில், ஆளைத் தெரிந்துகொள்ளும் உழைப்பு இருக்கிறது. இனி வருவதெல்லாம் அந்த உழைப்புக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்ற கேள்விதான்.

ஏன் சில தெருக்களுக்கு மட்டும் கடன் இல்லை?

1930களில் அமெரிக்காவில் வீட்டுக் கடனுக்கான அரசு அமைப்பு ஒன்று நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்று அது கருதிய இடங்களுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் சிவப்பில்தான் வந்தன. ஆளைப் பார்க்காமல் முகவரியைப் பார்த்தே கடன் மறுப்பதற்குப் பிற்பாடு 'சிவப்புக் கோடு போடுதல்' என்றே பெயர் வந்துவிட்டது. அங்கே மக்கள் கேட்ட கேள்வி எளிமையானது: எங்கள் தெருவில் சேமிப்பை வாங்கிக்கொள்கிறீர்கள், அந்தப் பணத்தை வேறு தெருவில் கடனாகக் கொடுக்கிறீர்கள், எங்களுக்கு ஏன் இல்லை? 1973-ல் சிக்காகோவின் தென்பகுதியில் இருந்த ஒரு வங்கியைச் சிலர் வாங்கி, அந்தப் பகுதிக்கே கடன் கொடுப்பதைத் தொழிலாக வைத்து நடத்தினார்கள். 1977-ல் வங்கிகள் தாங்கள் சேமிப்பு வாங்கும் பகுதிகளுக்குக் கடனும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1994-ல் இப்படிப்பட்ட கடன் நிறுவனங்களுக்கு மூலதனம் தர அரசே ஒரு நிதியை அமைத்தது. 'சமூக மேம்பாட்டு நிதி நிறுவனம்' என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது அங்கிருந்துதான்.

தென்னாப்பிரிக்காவில் அந்தக் கோடு சட்டத்தாலேயே போடப்பட்டது. 1913 நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டு நிலத்தில் சுமார் 7 சதவீதத்தை மட்டும் ஒதுக்கியது. 1950-ல் வந்த குழுப்பகுதிச் சட்டம் எந்த இனம் எங்கே வாழலாம் என்று நகரங்களைக் கூறுபோட்டது. நம்மவர்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தி இல்லை. கேட்டோ மேனரில் சொந்த நிலத்தில் காய்கறி போட்டவர்கள், நகராட்சி வேலையில் இருந்துகொண்டு மேகசின் பாரக்ஸில் தலைமுறைகளாகக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாரும் 1960களில் இந்த சாட்ஸ்வொர்த் மேடுகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நிலம் போனவரிடம் ஈடு எங்கிருந்து வரும்? ஈடு இல்லாமை அவரவர் சோம்பலால் வந்தது என்று பேசுபவர்களைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அது எடுத்துக்கொள்ளப்பட்டது.

அப்புறம் சட்டம் தளர்ந்த காலத்திலும் கோடு அழியவில்லை. 1980களின் கடைசியில், ஜோகன்னஸ்பர்க்கின் ஹில்ப்ரோ போன்ற நடுநகரப் பகுதிகளில் கறுப்பின மக்களும் இந்தியர்களும் குடியேறத் தொடங்கியதும் வங்கிகள் அங்கே வீட்டுக் கடனை நிறுத்தின. எந்தப் பகுதிக்கு எவ்வளவு வீட்டுக் கடன் கொடுத்தோம் என்று வங்கிகள் வெளியிட வேண்டும் என்ற சட்டம் 2000-ல்தான் வந்தது. அமெரிக்கச் சட்டத்தைப் போல இங்கும் 2002-ல் ஒரு மசோதா எழுதப்பட்டது, ஆனால் நிறைவேறவில்லை. பதிலாக வங்கித் துறையே 2003-ல் ஓர் உறுதிமொழிச் சாசனத்தில் கையெழுத்திட்டது.

நம் சீட்டு, அவர்களின் ஸ்டோக்வெல்

"நாங்களே சீட்டுப் போட்டுக்கொள்கிறோமே, போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. பத்துப் பேர் மாதம் 500 ராண்ட் போட்டால், முறை வைத்து ஒருவர் 5,000 ராண்ட் எடுக்கிறார். கறுப்பின மக்களிடம் இதே ஏற்பாடு ஸ்டோக்வெல் என்ற பெயரில் இருக்கிறது. முன்பு கிழக்குக் கேப் பகுதியில் நடந்த மாட்டுச் சந்தைகளின் ஆங்கிலப் பெயரே திரிந்து ஸ்டோக்வெல் ஆனது என்பார்கள். வங்கிக் கதவு மூடியிருந்த காலத்தில் கல்யாணம், சாவு, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் தாங்கியது இந்த ஏற்பாடுதான். அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் சீட்டில் சுற்றுவது உள்ளே இருக்கும் பணம் மட்டுமே. பத்துப் பேரும் ஏழைகள் என்றால் அந்தப் பத்து ஏழைகளின் பணம்தான் அது. எல்லாருக்கும் ஒரே ஜனவரியில் பள்ளிச் சீருடை வாங்க வேண்டியிருந்தால் ஒருவருக்குத்தான் முறை வரும். சமூக மேம்பாட்டுக் கடன் நிறுவனம் வெளியிலிருந்து பணத்தை அந்தத் தெருவுக்குள் கொண்டுவருகிறது. அந்த ஒரு வேறுபாடு பெரிய வேறுபாடு.

வட்டிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான். அவசரமாகக் கடக்க வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவின் தேசியக் கடன் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு 2007-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வகைக் கடனுக்கும் அது வட்டிக்கு உச்சவரம்பு வைக்கிறது. அந்த வரம்பு ரெப்போ விகிதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ரெப்போ என்றால் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குப் பணம் கொடுக்கும் வட்டி. இப்போது நடப்பில் உள்ள விதிகளில் வீட்டுக் கடனுக்கு ரெப்போவுக்கு மேல் 12 சதவீதம் வரை போகலாம். சிறு தொழிலுக்கான 'மேம்பாட்டுக் கடன்' என்று சட்டமே பெயர் வைத்திருக்கும் வகைக்கு, ரெப்போவுக்கு மேல் 27 சதவீதம் வரை போகலாம். ரெப்போ 7 என்று வைத்தால் ஆண்டுக்கு 34 சதவீதம்.

இதைச் சொன்னதும் கூடத்தில் எல்லாரும் ஒரே குரலில் "பாத்தீங்களா!" என்றார்கள். ஏழைக்கு உதவும் கடனுக்குச் சட்டமே ஏன் அதிக வட்டியை அனுமதிக்கிறது?

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். அக்கா 4,000 ராண்ட் வாங்குகிறார், ஆறு மாதத்தில் சமமாக அசலை அடைக்கிறார். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். அதனால் ஆண்டுக்கு 34 சதவீதம் என்றாலும் மொத்தம் சுமார் 397 ராண்ட்தான் வட்டி. இப்போது கொடுத்தவரின் செலவைப் பாருங்கள். ஓர் அலுவலர் அக்கா வீட்டுக்கு வர வேண்டும், எண்ணெய்ச் சட்டியைப் பார்க்க வேண்டும், எந்தக் கடைக்கு எத்தனை டஜன் போகிறது என்று கேட்க வேண்டும், பத்திரம் எழுத வேண்டும், தவணை தவறினால் மீண்டும் வர வேண்டும். இந்த வேலைக்கு 500 ராண்ட் என்று வைப்போம். நிறுவனமும் அந்தப் பணத்தை எங்கோ கடன் வாங்கித்தான் கொடுக்கிறது. ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் அதற்கு 58 ராண்ட். நூறில் இரண்டு ராண்ட் திரும்பாது என்று வைத்தால் 80. ஆகச் செலவு 638, வரவு 397. துண்டு விழுவது 241.

34 சதவீத வட்டியிலும் நஷ்டம் என்பதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். 4 லட்சம் ராண்ட் கடனுக்கு அதே அலுவலர் பத்து மடங்கு நேரம் செலவிட்டாலும் செலவு 5,000 ராண்ட்தான். அது கடனில் 1.25 சதவீதம். அக்காவின் கடனில் 500 ராண்ட் என்பது 12.5 சதவீதம். சின்னக் கடனை விலை உயர்ந்ததாக ஆக்குவது அக்காவின் நேர்மையின்மை இல்லை, கடனின் சின்ன அளவுதான்.

துண்டு விழுவதை எப்படி ஈடுகட்டுகிறார்கள்? முதல் வழி காலம். அக்கா ஒழுங்காகக் கட்டி, நான்காவது முறை 15,000 ராண்ட் வாங்குகிறார் என்று வையுங்கள். இப்போது அவரைத் தெரியும். வேலைச் செலவு 300-ஆகக் குறைகிறது. பணத்தின் விலை 219, திரும்பாத பங்கு 300. மொத்தம் 819. அதே ஆறு மாதத்தில் வட்டி வரவு சுமார் 1,488. கையில் 669 நிற்கிறது. அந்த 669-தான் அடுத்த தெருவில் முதல் முறை வரும் இரண்டு மூன்று பேரின் நஷ்டத்தைத் தாங்குகிறது. இதனால்தான் இந்த நிறுவனங்கள் முதல் கடனைச் சிறியதாகக் கொடுத்து, கட்டக் கட்டப் பெரிதாக்குகின்றன. முதல் முறையே 15,000 கேட்டுக் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு வந்தவர்கள் எனக்குத் தெரியும்.

இரண்டாவது வழி மலிவான பணம். அரசின் சிறு தொழில் நிதி முகமை 2012-ல் தொடங்கியது, 2024 அக்டோபரில் வேறு இரண்டு அமைப்புகளோடு ஒன்றாக்கப்பட்டது. அது நேரடியாகக் கொடுப்பதோடு, சிறு கடன் நிறுவனங்களுக்கு மொத்தமாகவும் பணம் கொடுக்கிறது. மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்குச் சரக்குக் கொடுப்பது போலத்தான் இது. அறக்கட்டளைகளும் வெளிநாட்டு உதவி அமைப்புகளும் இப்படிக் கொடுப்பதுண்டு.

மூன்றாவது, முதல் அடியை ஏற்கும் பணம். கோயில் திருவிழாவுக்கு வசூல் நடக்கிறது. "கணக்கில் துண்டு விழுந்தால் முதல் பத்தாயிரம் வரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், மற்றவர்கள் தைரியமாகப் பணம் போடுவார்கள். அதே போல ஓர் அறக்கட்டளை, கடன் திரும்பாமல் போனால் முதல் இழப்பை ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும். அந்த உறுதியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பெரிய தொகையோடு உள்ளே வருவார்கள்.

சரி, மஷோனிசாவோடு ஒப்பிடுங்கள். 'ஏழையாக்குபவர்' என்று அந்தச் சொல்லுக்கே பொருள் சொல்வார்கள். மாதம் 30 சதவீதம் சாதாரணம், 50-ம் உண்டு. 4,000 ராண்டுக்கு மாதம் 30 சதவீதம் என்றால் மாதா மாதம் 1,200 வட்டி. ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டினால் 7,200 போய்விடும், 4,000 அப்படியே நிற்கும்.

மீண்டும் ஒருமுறை: வட்டியில் மூன்று செலவுகள் ஒளிந்திருக்கின்றன. பணத்தின் விலை, வேலையின் விலை, திரும்பாத பங்கு. சின்னக் கடனில் வேலையின் விலைதான் பெரியது. நல்ல நிறுவனம் அதைக் காலத்தாலும் மலிவுப் பணத்தாலும் குறைக்கப் பார்க்கிறது. மஷோனிசா மொத்தத்தையும், அதற்கு மேலேயும், வாங்குபவர் தலையில் வைக்கிறார்.

ஐந்து பெண்கள், ஒரு கையெழுத்து

ஆளைத் தெரிந்துகொள்ளும் வேலையை மலிவாகச் செய்வது எப்படி? பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுதான் பழைய வழி. லிம்போப்போ மாகாணத்தில் சானீன் நகரில் 1992-ல் தொடங்கிய ஸ்மால் எண்டர்பிரைஸ் ஃபவுண்டேஷன் அதையே முறையாக்கியது. கிராமத்துப் பெண்கள் ஐந்து பேர் தாங்களே குழுவாகச் சேர வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் பொறுப்பு. இதைக் குழுப் பொறுப்பு என்பார்கள். யாரைச் சேர்ப்பது என்று அந்தப் பெண்களே முடிவு செய்வதால், அலுவலர் பத்து முறை விசாரித்தாலும் கிடைக்காத தகவல் அங்கே தானாக வந்துவிடுகிறது. குடிகாரக் கணவன் பணத்தைப் பிடுங்குவானா, போன மழையில் கோழி செத்தபோது அவள் எப்படிச் சமாளித்தாள் என்பதெல்லாம் கிணற்றடியில் தெரிந்த விஷயம்.

அவர்கள் செய்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. மிக ஏழைகள் யார் என்று கண்டுபிடிக்க வெளியிலிருந்து படிவம் கொண்டுபோகவில்லை. ஊர் மக்களையே உட்கார வைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு எழுதி, யார் நிலை மோசம், யார் நிலை பரவாயில்லை என்று அடுக்கச் சொன்னார்கள். குழுவிலேயே சேர்த்துக்கொள்ளப்படாமல் ஓரத்தில் நிற்கும் பெண்கள் அப்படித்தான் கண்ணில் பட்டார்கள்.

இதே பெண்கள் நடுவில் ஒரு சோதனையும் நடந்தது. லிம்போப்போவில் எட்டு கிராமங்களை எடுத்து, அவற்றில் நான்கில் முதலில் கடனோடு பெண்ணுரிமை, உடல்நலம் பற்றிய பயிற்சி வகுப்புகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2006-ல் வந்த அதன் முடிவில், கலந்துகொண்ட பெண்கள் கணவனாலோ துணைவனாலோ அடிபடுவது பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. கடனால் மட்டும் வந்த பலன் என்று இதைச் சொல்ல முடியாது. கடனுக்காகக் கூடும் கூட்டம் வேறு பேச்சுகளுக்கும் இடம் கொடுத்தது என்று சொல்லலாம்.

குழுப் பொறுப்புக்கு வலியும் உண்டு. கட்ட முடியாதவளின் வீட்டு வாசலில் சிநேகிதிகள் நால்வர் நிற்பது, அலுவலர் நிற்பதைவிடக் கனமானது. அந்த வலியை மறைத்துவிட்டுக் குழுக் கடனைப் புகழ்வது நியாயமில்லை.

வீடும் தெருவும்

தொழிலுக்குக் கொடுக்கும் கடன் ஒரு பக்கம்தான். ஒரு பகுதி எழ வேண்டுமென்றால் கட்டடமும் எழ வேண்டும். ஹில்ப்ரோவை விட்டு வங்கிகள் விலகின என்றேனே, அந்த ஜோகன்னஸ்பர்க் நடுநகரில் 2003 முதல் டஃப் என்ற நிறுவனம் கடன் தருகிறது. பாழடைந்த அடுக்குமாடியை வாங்கிச் சீர்செய்து வாடகைக்கு விட நினைக்கும் சிறிய உரிமையாளர்களே அதன் வாடிக்கையாளர்கள். இங்கேயும் உத்தி அதேதான்: அந்தத் தெருவை நடந்து பார்த்தவர், எந்தக் கட்டடத்தில் வாடகை ஒழுங்காக வரும் என்று அறிந்தவர், வங்கி பயந்த இடத்தில் கடன் கொடுக்க முடிகிறது.

கிராமப்புறத்தில் கதை வேறு. அங்கே வீட்டை ஒரே மூச்சில் கட்டுவதில்லை. இந்த வருடம் செங்கல், அடுத்த வருடம் கூரை. பாரம்பரியத் தலைவரின் நிலத்தில் வீடு இருந்தால் அதை அடமானமாக வங்கி எடுக்காது. 1996-ல் ஜெர்மன் அரசு வங்கியின் உதவிப் பணத்தோடு தொடங்கிய ஊரக வீட்டுக் கடன் நிதி, இப்படி அறை அறையாகக் கட்டுபவர்களுக்குக் கொடுக்கும் சிறு நிறுவனங்களுக்கு மொத்தப் பணம் கொடுத்தது.

எங்கே தவறிப்போகிறது?

ஆளைத் தெரியும், நம்மவர், நம் ஊர் என்ற வார்த்தைகளை எவரும் பயன்படுத்தலாம். 1982-ல் வெண்டா பகுதியில் வீட்டுக் கடன் சங்கமாகத் தொடங்கி, பின்னாளில் விபிஎஸ் பரஸ்பர வங்கி ஆன அமைப்பில் ஈமச்சடங்குச் சங்கங்களும் ஸ்டோக்வெல்களும் ஓய்வூதியக்காரர்களும் பணம் போட்டிருந்தார்கள். 2018-ல் அது விழுந்தது. கிட்டத்தட்ட 200 கோடி ராண்ட் சூறையாடப்பட்டதாக அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. மக்கள் வங்கி என்ற பெயர் யாரையும் காப்பாற்றவில்லை. கணக்கைத் தணிக்கை செய்பவர், மேற்பார்வை செய்பவர், கேள்வி கேட்கும் உறுப்பினர் இருந்தால்தான் காப்பாற்றும்.

இன்னொரு ஆபத்து இயற்கையானது. ஒரே பகுதியில் கடன் கொடுத்தால், அந்தப் பகுதிக்கு அடி விழும்போது எல்லாக் கடனும் ஒரே நாளில் அடிபடும். 2022 ஏப்ரல் வெள்ளம் நம் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. சாலையும் தண்ணீர்க் குழாயும் போன தெருவில் சமோசா யாருக்கு விற்பது? தவணையைத் தள்ளிவைக்கும் அளவுக்குச் சொந்தக் கையிருப்பு உள்ள நிறுவனம்தான் அப்போது மனிதாபிமானத்தோடு நடக்க முடியும். கையிருப்பு இல்லாத நிறுவனத்துக்கு மனம் இருந்தும் பயனில்லை.

அப்புறம், கடன் வருமானம் ஆகாது. 2012 ஆகஸ்டில் மாரிக்கானா சுரங்கத்தில் போராடியவர்களில் 34 பேர் ஒரே நாளில் காவல்துறைத் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதன் பிறகு, சுரங்கத் தொழிலாளர் பலரின் சம்பளம் கைக்கு வருமுன்பே கடன்காரர்களுக்குப் பிடித்தமாகிப் போய்க்கொண்டிருந்தது பெரிதாகப் பேசப்பட்டது. சம்பளத்தில் பிடித்தம் செய்யும் அந்த ஆணைகளை நீதிபதி ஒருவர் பரிசீலிக்காமல் தரக்கூடாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2016-ல் தீர்ப்பளித்தது. சிறு கடன் வறுமையை ஒழிக்கும் என்ற பழைய முழக்கமும் நிற்கவில்லை. ஹைதராபாத்தில் நடந்தது உட்பட, ஆறு நாடுகளின் ஆய்வுகள் 2015-ல் ஒன்றாக வெளிவந்தன. சிலருக்குத் தொழில் கொஞ்சம் வளர்ந்தது, குடும்ப வருமானம் தலைகீழாக மாறவில்லை என்பதே அவற்றின் சாரம். எனக்கு அது ஏமாற்றமாகப் படவில்லை. மஷோனிசாவிடம் போகாமல் ஒரு வருடத்தைக் கடக்க முடிந்தாலே ஒரு குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்.

கையெழுத்துப் போடும் முன்

நல்ல நிறுவனமா என்று பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் சுவரிலும் தாளிலும் இருக்க வேண்டும், அதை ஆணையத்திடமே சரிபார்க்கலாம். மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதிய மதிப்பீட்டுத் தாளை முதலில் கேளுங்கள். அது ஐந்து வேலை நாட்கள் செல்லும், அதனால் வீட்டுக்குக் கொண்டுபோய் யாரிடமாவது காட்டலாம். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும், கூச்சப்படாமல் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களால் கட்ட முடியுமா என்று விசாரிக்காமல் கொடுப்பது சட்டப்படி பொறுப்பற்ற கடன். ஆகவே வருமானத்தைத் துருவித் துருவிக் கேட்டால் எரிச்சல்படாதீர்கள், அதுதான் நல்ல அறிகுறி. வங்கி அட்டையையோ ரகசிய எண்ணையோ அடையாளப் புத்தகத்தையோ வாங்கி வைத்துக்கொள்வது குற்றம். கடன் தருவதற்கு முன்பே "கட்டணம் அனுப்புங்கள்" என்று போனில் சொல்பவர் திருடர்.

அக்காவிடம் இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லவில்லை. அலுவலர் வந்தால் முதலில் என்ன கேட்பார் என்று மட்டும் சொல்லி, ஒரு பள்ளி நோட்டைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் எத்தனை டஜன், எவ்வளவு எண்ணெய், எவ்வளவு கைக்கு வந்தது என்று எழுதச் சொன்னேன். நான்கு வாரம் கழித்து நோட்டோடு வந்தார். வெள்ளிக்கிழமைகளில் 600 ராண்டுக்கு மேல் சரக்கு போனது, செவ்வாயில் 90-க்குத்தான். கடைகள் பணம் தருவது திங்கட்கிழமை, மாவும் எண்ணெயும் வாங்க வேண்டியது வியாழக்கிழமை. அந்த நான்கு நாள் இடைவெளிக்குத்தான் அவர் இத்தனை காலம் பக்கத்துத் தெரு மஷோனிசாவிடம் போய்க்கொண்டிருந்தார்.

"அப்போ எனக்கு ஃப்ரீசருக்கு இல்ல தம்பி, மாவு எண்ணெய்க்குத்தான் கடன் வேணும்" என்றார். பெரிய ஃப்ரீசருக்கு என்று மனதில் வைத்திருந்த 15,000 ராண்டை அடித்துவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1,500 என்று எழுதினார்.